உரிமைப் பக்கத்தையும் வாசித்தேன்

2025 ஜனவரி 16, வியாழன்

இன்று முழுக்கத் தரம் ஆறு கணிதப் புத்தகங்களோடு மல்லுக்கட்டினேன். வலயக் கல்விப் பணிமனையின் களஞ்சிய அறையில் எனக்கென்று ஒரு கதிரை, ஒரு மேசை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. இலவசப் பாடநூல்களைப் பாடசாலை வாரியாகக் கட்டி அடுக்க வேண்டும். பதினைந்து வருடம் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவள், இப்போது சணல் கயிற்றில் முடிச்சுப் போடுகிறேன். முடிச்சு நன்றாகவே விழுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

பின்னேரம் சட்டத்தரணி வதனா அழைத்தார். கண்டி மேல் நீதிமன்றம் எங்கள் மேன்முறையீட்டை ஏற்றுத் தவணை கொடுத்துவிட்டதாம், பெப்ரவரி இருபது. "பயப்பிடாதேங்கோ ஹபீலா, இனித்தான் எங்கட முறை" என்றார். கண்டிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பாதிக் காய்ச்சல் விட்டுப்போகும்.

தோற்றால் நீதவானின் தீர்ப்பு நிலைக்கும். குற்றவாளி என்று பதிவான ஒருத்தியை வகுப்பறைக்குள் விடமாட்டார்கள், நியமனமே போய்விடும். வென்றால் திரும்பவும் கையில் வெண்கட்டி. இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் சின்ன விடயம் போல இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்த்துச் சொல்லும்படி வதனா கேட்டிருக்கிறார். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

சோதிலிங்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இயக்குனர். பிறவியிலேயே பார்வை இல்லை. நாற்பது வயதில் உயர்தரம் எழுத ஆசைப்பட்டு, தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு நாங்கள் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். தனியார் வகுப்பு நடத்துகிற மஹ்ரூப் சேரின் புவியியல் கைந்நூலை வாசித்துப் பதிந்து தர ஏலுமோ என்று கேட்டார். தமிழில் உயர்தரப் புவியியல் படிக்கிற பிள்ளை என்றால், இந்தப் பக்கத்தில் அந்த நீல அட்டைப் புத்தகம் பையில் இல்லாமல் இருக்காது. நல்ல புத்தகம். வழக்குப் போட்டவரின் புத்தகம் என்பதற்காக அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

திகன வீதியில் லொறிகள் ஓயாது. அதனால் படுக்கையறை அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு வாசித்தேன். என் கணவர் அஸீம் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, டொக்டரிடம் போவோமா என்று கேட்டார்.

முதல் பதிவை சோதிலிங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. "ரீச்சர், நேரா முதலாம் பாடத்துக்குப் போயிட்டீங்கள். அட்டையில என்ன கிடக்கு? முன்னுரை இல்லையோ? கண் தெரிஞ்ச ஆக்கள் வேண்டாததைத் தாங்களே விடுவினம். நானும் விடுறதுக்கு எனக்கு அதுகளையும் தாங்கோ."

நியாயம்தானே. அட்டையிலிருந்து தொடங்கினேன். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், அச்சகம், விலை, புத்தகம் கிடைக்கும் கடையின் தொலைபேசி இலக்கம். அடுத்து உரிமைப் பக்கம். "இந்நூலின் எப்பகுதியையும் ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியின்றிப் பிரதி செய்வதோ, ஒலிப்பதிவு செய்வதோ, இணையத்தில் பகிர்வதோ சட்டப்படி குற்றமாகும்." வகுப்பில் வாசிப்பது போலவே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டிப் பொருளடக்கத்துக்குப் போனேன். என் மூளை அந்த நேரம் எங்கே போயிருந்தது? வாசிப்பிலேயே இருந்தது. வேறு எங்கே?

சோதிலிங்கத்தின் நண்பர்கள் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இருந்தார்கள், எல்லாரும் பார்வையற்றவர்கள். அவர்களுக்காக ரெலிகிராமில் ஓர் அலைவரிசை திறந்தேன். பெயர் கேட்டு ஒவ்வொருவராகச் சேர்ப்பது அவர்களுக்குச் சிரமம் என்று கதவைத் திறந்தே விட்டேன். கண் தெரிந்த பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். பாடம் பாடமாக வெட்டி எடுத்து ஆளுக்காள் அனுப்பினார்கள். மஹ்ரூப் சேர் பொலிஸுக்குப் போனார்.

நீதவான் நீதிமன்றத்தில் ஒலிபெருக்கியில் என் குரலைப் போட்டார்கள், வேறு எந்தப் பக்கமும் இல்லை, அந்த உரிமைப் பக்கம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பார்வையற்றவர்களுக்காக இப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நீதவானும் அதை மறுக்கவில்லை. ஆனால் கூடாது என்று தன் வாயாலேயே வாசித்தவர், தெரிந்துகொண்டே கதவை ஊருக்கெல்லாம் திறந்து வைத்திருக்கிறார் என்றார். தண்டம். அலைவரிசையை மூடவேண்டும். மறுவாரமே களஞ்சிய அறை.

பெப்ரவரி 6

கைபேசியிலிருந்து ஒலிப்பதிவுச் செயலியை அழித்தேன். பின்னேரம் திரும்பவும் ஏற்றிக்கொண்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

தென்னகும்புர பாலத்தில் பஸ் அசையவே இல்லை. இறங்கி ஓடலாமா என்று கூட நினைத்தேன். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால், நீதிபதி விடுமுறை, அடுத்த தவணை மே இருபத்திரண்டு.

மஹ்ரூப் சேரும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒரே தாழ்வாரம், வேறு வழியில்லை. அவர் அறிவித்தல் பலகையை வாசித்தார், நான் தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த அறிவுறுத்தலை வாசித்தேன். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்கு மனப்பாடம்.

ஒரு காலத்தில் அவரும் நானும் ஒரே மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தியவர்கள்.

மார்ச் 12, புதன்

நோன்பு. கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் அஸீம் பழைய பேச்சை எடுத்தார். அன்றைக்கே குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராதாம். பொலிஸ், கோர்ட் என்று வந்தால் கடைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

"கடையில பில் கட்டுற மாதிரியா இது? செய்யாத குத்தத்த செஞ்சேன் எண்டு செல்லி, பொறகு எந்த மொகத்தோட புள்ளையளுக்கு முன்னால நிக்கிற?" என்றேன். கோப்பையை வைத்த வேகத்தில் கஞ்சி மேசையெல்லாம் தெறித்தது. அவரே துணி எடுத்துத் துடைத்தார். பிறகு, மே இருபத்திரண்டு கடையைப் பூட்டிவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். பெருநாளன்றுகூடக் கடையைப் பூட்ட மனம் வராத மனிதர் இவர். எனக்கு அழுகை வந்தது. நோன்பு திறந்த களைப்பு என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 23

சோதிலிங்கம் போன். நீல அட்டையின் புதிய பதிப்பு வந்துவிட்டதாம், நிறைய மாற்றங்களாம். நவம்பரில் அவருக்குப் பரீட்சை. "பழசை வச்சுச் சமாளிப்பன் ரீச்சர், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் யோசனை கூடியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் அஸீமின் மாமா மகளுடைய கலியாணம். பெண்கள் பக்கம் சஹன் வைக்கத் தொடங்கிவிட்டார்கள், வட்டமாக இருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டு. எங்கள் வட்டத்தில் ஐந்து பேர்தான். ஆறு பேர் சேராமல் சஹன் வராது. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த பெண் யாரையோ கையைப் பிடித்து இழுத்துவந்து என் தோளோடு தோளாக இருத்தினாள். பார்த்தால் ஆஸிகா ராத்தா. மஹ்ரூப் சேரின் மனைவி.

சஹனில் குந்திய பிறகு எழும்பிப் போனால் கலியாண வீட்டாரின் முகத்தில் அடித்தது போல. இரண்டு பேருக்கும் அது தெரியும். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தோம். ஒரே தட்டு, அவர் கை இந்தப் பக்கம், என் கை அந்தப் பக்கம், நடுவில் ஒரு கோழித் துண்டு. அவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். அவர் மறுபடியும் தள்ளினார். மற்ற நாலு பேரும் சோற்றைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

இனிப்புக்கு வட்டலப்பம் வந்த பிறகுதான் பேசினார், மெதுவாக, என் காதுக்கு மட்டும்.

"அவரு கேஸ் போட்டது காசுக்கு இல்ல, ஹபீலா. கலஹா கிளாஸ் முடிஞ்சு பஸ்ஸில வரக்குள்ள, முன் சீட்டில ரெண்டு புள்ளையள் போன்ல பாடம் கேட்டுட்டு வந்தாங்களாம். எல்லாம் அவர்ட எழுத்து. ஆர்ட பாடம் எண்டு கேட்டாராம். ஹபீலா டீச்சர்ட புத்தகம் எண்டு சென்னாங்களாம். அண்டைக்கி அவரு சோறு திங்கல்ல."

என் வாயில் வட்டலப்பம் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால், அதுக்கு என் வேலையைப் பறிப்பதா என்று கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 28

ராத்திரி முழுக்கக் கோபம். காலையில் கொஞ்சம் குறைந்தது.

முதல் பதிவில் ஆசிரியர் பெயரை நான் வாசித்துத்தான் இருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் வெட்டி அனுப்பிய துண்டுகளில் ஏது பெயர்? குரல் மட்டும்தான் இருந்தது, குரல் என்னுடையது. பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய மனுசன். அவர் எழுதியதை அவருக்கு முன்னாலேயே வேறொருத்தியின் புத்தகம் என்றால்? நானாக இருந்தால் அந்த பஸ்ஸிலேயே சண்டை பிடித்திருப்பேன்.

வதனாவுக்குப் போன் பண்ணி, நீதிமன்றத்தில் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றேன். இனிப் பதிவுகள் பார்வையற்றவர்களுக்கு மட்டும், பெயர் பதிந்து. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ஆசிரியர் பெயர். வதனாவுக்குப் பிடிக்கவில்லை. கேட்காத ஒன்றை நாமே கொடுத்தால் பிழையை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும், மேன்முறையீடே சரிந்துபோகக்கூடும் என்றார். நான் விடவில்லை. என்னுடைய வேலைதானே போகப்போகிறது, போனால் போகட்டும் என்று பெரிய வீராங்கனை மாதிரிச் சொன்னேன். போனை வைத்த பிறகு சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

மே 21

நாளை. அஸீம் கடைக் கதவில் ஒட்டுவதற்கு ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறார்: நாளை கடை பூட்டு. காரணம் எழுதவில்லை. திகனயில் எல்லாருக்கும் காரணம் தெரியும்.

மே 22, வியாழன்

நீதிபதி ஒரு பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர். அரச சட்டத்தரணி எழும்பியதும் அதே பதிவைத்தான் பிடித்துக்கொண்டார், எழுத்தில் கொடுத்த மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். சிங்களத்தில் கேட்கும்போது நான் இன்னும் பெரிய குற்றவாளியாகத் தெரிந்தேன்.

வதனாவின் முறை. அவர் அந்தப் பக்கத்தை விட்டு ஓடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அதையே கையில் எடுத்தார். திருடுகிறவர் ஆசிரியர் பெயரையும், விலையையும், புத்தகத்தை எங்கே வாங்கலாம் என்பதையும் சொல்லிவிட்டா திருடுவார் என்று கேட்டார். நீதிபதி நிமிர்ந்தார். இந்தப் பக்கத்தை ஏன்தான் வாசித்தார் என்று கேட்டார். கண் தெரிந்தவர் புத்தகத்தைத் திறந்தால் இந்தப் பக்கமும் அவர் கண்ணில் படுகிறது, பார்வையற்றவருக்கும் அதே புத்தகம் முழுதாகப் போகவேண்டும் என்று நினைத்தார், வேறு காரணம் இல்லை என்றார் வதனா. நீதிபதி எதையோ எழுதினார். நெடுநேரம் எழுதினார்.

பிறகு கதவு. அலைவரிசை ஏன் எல்லாருக்கும் திறந்திருந்தது? இந்த இடத்தில் எங்களிடம் நல்ல பதில் இல்லை. அரச சட்டத்தரணிக்கும் அது தெரிந்திருந்தது. அப்போதுதான் வதனா உறுதிமொழியைச் சொன்னார், இரண்டையும். ஆசிரியர் பெயர் ஒவ்வொரு பாடத்திலும் சொல்லப்படும் என்றபோது நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மஹ்ரூப் சேர் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார்.

சோதிலிங்கம் லீவு போட்டு வந்திருந்தார். மேன்முறையீட்டில் சாட்சி கேட்கமாட்டார்கள் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் வெள்ளைப் பிரம்பை மடியில் வைத்தபடி முடியும் வரை இருந்தார். நீதிபதி அவரைப் பார்த்தாரா? பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பு ஜூன் பத்தொன்பது.

ஜூன் 19

தீர்ப்பு எழுதி முடியவில்லையாம். ஜூலை பதினேழு. திரும்பி வந்து தரம் எட்டு விஞ்ஞானம் கட்டினேன்.

ஜூலை 2

பழைய மாணவி ஒருத்தி மஹய்யாவ பஸ் நிறுத்தத்தில் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். எப்ப டீச்சர் வருவீங்க என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்றேன். இந்தச் சொல்லை இவ்வளவு மனமாரச் சொல்லி நாளாகிறது.

ஜூலை 17, வியாழன்

குற்றத்தீர்ப்பு ரத்து.

மேலே ஒரு வரியில் எழுதிவிட்டேன். கேட்டபோது அப்படி விளங்கவில்லை. நீதிபதி வாசித்துக்கொண்டே போனார், நான் வதனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவே இல்லை. திடீரென்று மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நெரித்தார். அப்போதுதான் விளங்கியது.

பார்வையற்றவர்களுக்காக நூலை வாசித்துப் பதிந்தது குற்றமாகாது. உரிமைப் பக்கத்தை வாசித்தது கள்ள மனதைக் காட்டவில்லை, நூலை முழுதாகக் கொடுக்கும் எண்ணத்தையே காட்டுகிறது. கதவைத் திறந்து வைத்தது கவனக்குறைவு, அது திருத்தப்பட வேண்டியது, உறுதிமொழியை நீதிமன்றம் பதிந்துகொள்கிறது. கவனக்குறைவு என்ற சொல் கொஞ்சம் உறைத்தது. உறைக்க வேண்டிய இடம்தான்.

அஸீம் தாழ்வாரத்தில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் சோதிலிங்கம் பிரம்பைத் தட்டிக்கொண்டு, மஹ்ரூப் சேர் ஆர் என்று உரத்துக் கேட்டார். எல்லாரும் விலகினார்கள். மஹ்ரூப் சேர் தோற்ற முகத்தோடு நான்தான் என்றார்.

"உங்கட புத்தகத்தை மூண்டு தரம் கேட்டிட்டன், சேர். உங்கட குரலை இண்டைக்குத்தான் கேக்கிறன்."

மஹ்ரூப் சேர் விலகிப் போகவில்லை. படியிறங்கும் இடத்தில் சோதிலிங்கத்தின் முழங்கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 18

நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 5

பெரஹர ஊர்வல நாட்கள். வீதி மூடல், கண்டிக்குள் போகவே முடியாது. எதிர்த்தரப்பு கொழும்புக்கு மேன்முறையீட்டுக்குப் போகலாம் என்று வதனா முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் பெயரைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். இன்று அவரே சொன்னார், யாரும் போகவில்லை, அதற்கான காலமும் முடிந்துவிட்டது. மஹ்ரூப் சேரின் சட்டத்தரணி தயாராகத்தான் இருந்தாராம், அவர்தான் வேண்டாம் என்றுவிட்டாராம்.

ஏன் வேண்டாம் என்றார்? களைத்துவிட்டாரா? ஆஸிகா ராத்தா ஏதும் சொன்னாரா? கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பாடசாலை. வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போது என் கையெழுத்தே எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதிபர் பன்னிரண்டாம் வகுப்பைத் தந்தார். உள்ளே போனதும் பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். உட்காரச் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அவர்கள் பாவம் நின்றுகொண்டே இருந்தார்கள்.

களஞ்சிய அறைக்குப் புதிதாக யாரையும் போடவில்லையாம். முடிச்சுகள் அவிழாமல் இருந்தால் சரி.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு மாதமாக ஆயத்தம் செய்துகொண்டு இருக்கிறேன். பெயர் பதிந்த அலைவரிசை தயார், புதிய பதிப்பும் வாங்கிவிட்டேன், அலுமாரியில் சாரிகளை ஒதுக்கி இடமும் பண்ணிவிட்டேன். இன்று தொடங்குவோம் என்று சோதிலிங்கத்துக்குச் சொல்ல அழைத்தால், மனுசன் தயங்கித் தயங்கிப் பேசுகிறார். மஹ்ரூப் சேர் முதல் இரண்டு பாடத்தைத் தானே வாசித்து அனுப்பிவிட்டாராம். இருமல், ஃபான் சத்தம், இடையில் ஆஸிகா ராத்தா தேத்தண்ணி வேணுமா என்று கேட்பது, எல்லாம் அதில் இருக்கிறதாம். "வாசிப்பு உங்களைப் போல வராது ரீச்சர். ஆனா எழுதின ஆள் வாசிக்கேக்க, எந்த இடம் முக்கியம் எண்டு விளங்குது."

சந்தோசம் என்றேன். சந்தோசம்தான். பொறாமையும்தான். அலுமாரியைப் பூட்டிவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் அஸீமோடு சண்டை போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கையில் போன். இலக்கத்தை நான் அழித்திருக்கவில்லை, மஹ்ரூப் சேர் என்று பெயரே வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன். ஸலாம் சொன்னார், பதில் சொன்னேன். மழை வருமா என்று கேட்டார். திகனயில் வெயில் என்றேன்.

"டீச்சர், ஒண்டு கேக்கணும்" என்றார். குரல் கட்டியிருந்தது, வாசித்து வாசித்துத்தான் இருக்க வேண்டும். "மூணாம் பாடத்தில மழைவீழ்ச்சி வரைபடம் இரிக்கி. எழுத்தெல்லாம் வாசிச்சிட்டன். படத்துக்கு வந்தா, இங்க பாருங்க எண்டு வாயில வருது. நாலு மொற அழிச்சிட்டன். நீங்க அத எப்பிடி வாசிச்சீங்க?"

அவருக்கு நான் சொல்ல வைத்திருந்த பேச்சுகள் நிறைய. களஞ்சிய அறையில் ஒவ்வொரு கட்டுக் கட்டும்போதும் ஒன்று தயாராகும். அதில் ஒன்றும் இப்போது வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல கண்ண மூடுங்க, சேர்" என்றேன்.

"மூடிட்டன்" என்றார்.